மணலுக்கு 33 இன்ச் டயர் வேண்டுமா?

அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது இசுஸு வி-க்ராஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி கொடுத்த 18 இன்ச் ரிம்மில் 255/60 டயர் (முதல் எண் மி.மீ.யில் அகலம்) ஓடுகிறது. டிசம்பரில் இரண்டு நண்பர்களோடு ஜெய்சல்மேர் போய் மணல்மேடுகளில் ஓட்ட வேண்டும், பொங்கலுக்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டையும் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்காக 17 இன்ச் ரிம்முக்கான 285/70 ஆர் 17 அளவில், அதாவது ஏறக்குறைய 33 இன்ச் விட்டத்தில், சேற்றுக்கான மட் டயர் போட்டு, லிஃப்ட் கிட் வைத்து வண்டியை இரண்டு இன்ச் தூக்கலாம் என்பது அவருடைய திட்டம். "அண்ணா, பாலைவனத்துக்கு டயர் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லதுதானே?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். மணலுக்கு உங்களுக்கு வேண்டியது பெரிய டயர் இல்லை, காற்றை நன்றாக இறக்கி ஓட்டக்கூடிய டயர். இந்த இரண்டும் ஒன்று என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டுக்குப் போனேன். அகலமான புது மட் டயர், அதில் 32 பிஎஸ்ஐ காற்று. முதல் ஏற்றத்திலேயே நான்கு சக்கரமும் தனக்குத் தானே குழி தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு உள்ளூர்க்காரர் பட்டன் தேய்ந்துபோன டயரோடு பழைய ஜீப்பில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அவர் வந்து பார்த்தார், மண்வெட்டியைக்கூடக் கேட்கவில்லை. ஒரு சின்னக் குச்சியை எடுத்து என் டயரின் வால்வை அழுத்திக் காற்றை வெளியே விட ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் அதே டயர், அதே வண்டி, அதே மேட்டில் ஏறியது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். உங்கள் வண்டி, மூன்று பேர், தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் சேர்த்து 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 600 கிலோ. 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. அந்த 600 கிலோவைத் தாங்க டயர் தரையில் ஏறக்குறைய 267 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே எடைக்கு 533 சதுர சென்டிமீட்டர், அதாவது இரண்டு மடங்கு. டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இந்த எண்கள் சற்று மாறும், ஆனால் போக்கு இதுதான். இப்போது கவனியுங்கள்: இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. 255-லிருந்து 285-க்குப் போனால் அகலம் 12 சதவீதம் கூடும். காற்றழுத்தம் அதேதான் என்றால் தரையில் பதியும் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். குட்டையாக, குறுக்கே அகலமாகப் பதியும்.

அந்த வடிவமும் மணலுக்கு உதவாது. மணலில் டயரின் முன்பகுதி மணலை அமுக்கிப் பாதை போடுகிறது, பின்பகுதி அந்த அமுங்கிய பாதையில் உருள்கிறது. பதிவு நீளமாக இருந்தால் போட்ட பாதையில் அதிக நேரம் உருளலாம். அகலமாக இருந்தால் வண்டி போகிற போக்கில் எதிரே ஒரு மணல் குவியலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், இன்ஜினின் பலம் அதிலேயே கரையும். காற்றை இறக்கும்போது டயர் பக்கவாட்டில் கொஞ்சம்தான் பிதுங்கும், நீளவாக்கில்தான் நன்றாகப் படியும். ஒட்டகத்தின் பாதம் மணலில் வைத்ததும் விரிகிறதே, அதே வேலைதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1920-களின் கடைசியில் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, எகிப்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் மணல் கடலில் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிப் போனார். ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. காற்றைக் குறைத்த டயர், புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடு, மணலைப் படிக்கத் தெரிந்த கண் ஆகியவற்றை நம்பித்தான் போனார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் செய்த நீரிலும் நிலத்திலும் போகும் லாரியில், ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றை ஏற்றி இறக்க வசதி வைத்தார்கள். கடற்கரை மணலில் ஏறியாக வேண்டிய வண்டிக்கு அதைவிட அவசியமான வசதி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் டயரை மாற்றவே வேண்டாமா? மாற்றத்தான் வேண்டும். உங்கள் இப்போதைய டயரின் குறை அதன் அளவில் இல்லை, சைடுவாலில், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் பக்கச் சுவரில். 255/60 என்றால் சைடுவால் உயரம் 255-இல் 60 சதவீதம், 153 மி.மீ. காற்றை 16-க்கு இறக்கி ஓட்டும்போது, ஒரு கல்லோ வேரோ தட்டினால் அந்த 153 மி.மீ. நசுங்கி ரிம்மின் விளிம்பு டயரைக் கடித்துவிடும். ஜெய்சல்மேரைச் சுற்றி எல்லாம் மணல் என்று நினைத்துவிடாதீர்கள். அது கல் ஊர். ஒரு மணல்மேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கட்டாந்தரையும் மஞ்சள் பாறையும் உண்டு. மணலுக்கு இறக்கிய காற்றோடு அந்த இடத்தைக் கடக்கும்போதுதான் அலாய் ரிம் வளையும், சைடுவால் கிழியும்.

ஆகவே நான் சொல்வது: ரிம்மைச் சின்னதாக்குங்கள், டயரைக் கொஞ்சம் உயரமாக்குங்கள். 265/70 ஆர் 16. விட்டம் எப்படி வரும் என்றால், ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி, அதோடு இரண்டு சைடுவாலைக் கூட்ட வேண்டும். உங்கள் இப்போதைய டயர் 763 மி.மீ. இது 777 மி.மீ. விட்டத்தில் 14 மி.மீ.தான் வித்தியாசம், 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் சைடுவால் 153-லிருந்து 185 மி.மீ.க்கு ஏறுகிறது. மணலில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த 32 மி.மீ.தான். வி-க்ராஸ் இங்கே முதலில் வந்தபோது 16 இன்ச் ரிம்மில் 245/70 டயரோடுதான் வந்தது, அதனால் இந்த வண்டிக்கு 16 இன்ச் அந்நியம் இல்லை. இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு 16 இன்ச் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பரில் எங்கும் உரசக் கூடாது. 16 உட்காரவில்லை என்றால் 17 இன்ச்சில் 265/65 போடுங்கள், 776 மி.மீ. வரும், சைடுவால் 172. அதுவும் நல்ல தேர்வுதான். ஹைலக்ஸ் வண்டியில் கம்பெனியே கொடுக்கிற அளவு என்பதால் சுலபமாகவும் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட 285/70 ஆர் 17-க்கு வருகிறேன். அதன் விட்டம் 831 மி.மீ. கிட்டத்தட்ட 9 சதவீதம் அதிகம். இதனால் கிடைக்கும் லாபம், தரையிலிருந்து வண்டியின் உயரம் 34 மி.மீ. கூடுவது. (விட்டம் 68 கூடினாலும் அச்சு அதில் பாதிதான் உயரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) நஷ்டத்தைப் பாருங்கள். எல்லா கியரும் 9 சதவீதம் நீளமாகிவிடும். மணலில் இரண்டாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் இழுவை போதாமல் ஒன்றுக்கு இறக்குவீர்கள், இறக்கும் அந்த நொடியில் வேகம் செத்து வண்டி புதையும். வெளிநாடுகளில் இதற்கு டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாற்றிச் சரிக்கட்டுகிறார்கள், இங்கே அந்த வழி எளிதில்லை. பிரேக்குக்கும் அதே கதை. சக்கரம் பெரிதானால் அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிடிப்பு குறையும். இதற்கு மேல், டயர் ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோ கூடுதல் எடை, அது முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, பால் ஜாயின்ட்டும் வீல் பேரிங்கும்தான் அதைச் சுமக்க வேண்டும்.

இன்னொன்று, அது உரசும். நேராக நிற்கும்போது உரசாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அதே நேரம் அந்தச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் பிளாஸ்டிக் லைனரிலும் மட் ஃப்ளாப்பிலும் போய் இடிக்கும். கடையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி மாட்டிக் காட்டிவிட்டு "பாருங்க சார், டச் ஆகலை" என்பார்கள். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எந்த டயரும் உரசாது. இரண்டு இன்ச் தூக்கினால் தீருமே என்று கேட்பீர்கள். தூக்கினால் முன் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட் (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், மடங்கும் மூட்டு) இன்னும் அதிகமாக மடங்கி நிற்கும், மணலில் முழு ஸ்டியரிங் ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது முறிவது அதுதான். ஜெய்சல்மேரில் வி-க்ராஸுக்கு சிவி ஜாயின்ட் தேடி அலைவதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய டயர் போட்டால் முள் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 109-இல் போவீர்கள். நான் சொன்ன 265/70-இல் 102. கம்பெனி மீட்டர்கள் வழக்கமாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும், அந்தச் சலுகைக்குள் இது அடங்கிவிடும்.

அடுத்து பட்டன். மட் டயரின் ஆழமான கட்டைகள் சேற்றைத் தோண்டி வெளியே எறியச் செய்யப்பட்டவை. மணலிலும் அதே வேலையைத்தான் செய்யும்: தோண்டும். உங்களுக்கு ரோட்டுக்கும் மண்பாதைக்கும் சேர்த்துச் செய்த ஆல்-டெரெய்ன் போதும். புத்தம் புதிய பட்டனைவிட, பாதி தேய்ந்த ஆல்-டெரெய்ன் மணலில் இன்னும் நன்றாக மிதக்கும், என்னை மீட்ட ஜீப்காரர் காட்டியது அதைத்தான். அதோடு, ஆண்டுக்கு ஐந்தாறு நாள்தான் மணல். மீதி நாளெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட், பாடி மேம்பாலம், ஓஎம்ஆர். ஐப்பசி கார்த்திகை மழையில், ஈரமான தார் ரோட்டில், ஒரு ஆட்டோ திடீரென்று குறுக்கே வரும்போது மட் டயர் எப்படி வழுக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் காலில் இருக்கிறது.

டயர் வாங்கப் போகும்போது சைடுவாலில் மூன்று விஷயம் படியுங்கள். முதலாவது தயாரிப்புத் தேதி, நான்கு இலக்கம். 2325 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நம் ஊர் வெயிலில் கூரைத் தகரத்துக்கு அடியில் மூன்று வருடம் கிடந்த டயர், பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். எனக்கு ஒரு தடவை நான்கு வருடப் பழைய டயரைப் புதியது என்று கொடுத்துவிட்டார்கள், சைடுவாலில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்த பிறகுதான் தேதியைப் பார்த்தேன். இரண்டாவது லோடு இன்டெக்ஸ். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 110 என்றால் 1,060. உங்கள் பழைய டயரில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது, அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்ற எழுத்து இருக்கிறதா என்று. எல்டி டயரின் சைடுவால் தடிமன், முள்ளுக்கும் கல்லுக்கும் தைரியமாக நிற்கும். ஆனால் அதே எடையைத் தாங்க ரோட்டில் அதற்குக் கூடுதல் காற்று வேண்டும், கதவோரம் ஒட்டியிருக்கும் பிஎஸ்ஐ அளவு அதற்குப் பொருந்தாது. அதில் மிக விறைப்பான ஈ ரகம் உங்களுக்கு வேண்டாம். பின்னால் பெரிய பாரம் ஏற்றாத வண்டியில் அது காற்றை இறக்கினாலும் லேசில் படியாது. சி ரகம் போதும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினால் விலையும் தேதியும் தெரிந்துவிடும். பழைய 16 இன்ச் கம்பெனி ரிம் புதுப்பேட்டையில் தேடலாம், ஆனால் வளைவு இருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டுப் பிராண்டுகள் கிடைப்பது சிரமமாகியிருக்கிறது. அதற்காகக் கவலை வேண்டாம். எம்ஆர்எஃப் 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதே நம் திருவொற்றியூரில்தான். இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய டயர் ஆலைகள் ஓடுகின்றன. இந்தியாவில் செய்யும் ஆல்-டெரெய்ன் டயர்கள் இந்தப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். எங்கே செய்ததானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை விருப்பப்படி மாற்ற முடியாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரும் தூக்கிய வண்டியும் எந்தச் செக்போஸ்ட்டிலும் கண்ணில் படும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். சென்னையிலிருந்து ஜெய்சல்மேர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், வழியில் எத்தனை மாநிலம் என்று எண்ணிப் பாருங்கள். நான் சொன்ன அளவுகளையும் வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

33 இன்ச் டயருக்கும் லிஃப்ட் கிட்டுக்கும் ஒதுக்கிய பணத்தில் மிச்சமாவதை இதில் போடுங்கள்: பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் நல்ல ஏர் கம்ப்ரஸர், காற்றை அளக்க ஒரு முள் கேஜ், டியூப்லெஸ் பஞ்சர் கிட், இரண்டு மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போடும் டிராக்ஷன் பலகை ஒரு ஜோடி. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் குட்டிக் கம்ப்ரஸர் வேண்டாம், இந்த அளவு டயர் இரண்டுக்குக் காற்று ஏற்றுவதற்குள் சூடாகி நின்றுவிடும்.

காற்று அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக்கு 32 முதல் 35. கல்லும் மண்ணுமான பாதைக்கு 25. மணலில் இறங்குவதற்கு முன்பே 16 அல்லது 18, மாட்டிக்கொண்ட பிறகு இறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புதைந்துவிட்டால் 12 வரை இறக்கி வெளியே வந்து, உடனே மறுபடி 16. அந்தக் காற்றில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஒரு தடவை 12-ஐ மறந்து சரிவில் வளைத்துத் திருப்பினேன், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. மணலுக்குள் ஜாக்கி வைக்கப் பலகை தேடியதிலேயே மதியம் முழுக்கப் போனது. மேட்டில் ஏறினால் நேராக ஏறுங்கள், முடியாவிட்டால் நேராகப் பின்னால் இறங்குங்கள், குறுக்கே திரும்பக் கூடாது. நிறுத்தும்போது பிரேக் அழுத்தாமல் வண்டி தானாக நிற்கட்டும், பிரேக் அழுத்தினால் டயருக்கு முன்னால் மணல் குவியும். தார் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன் காற்றை ஏற்றிவிடுங்கள், நான்கு டயருக்கும் அரை மணி நேரம் ஆகலாம். சோம்பல்பட்டு அப்படியே வேகம் எடுத்தால் சைடுவால் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

குளிரையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் 32 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், ஜெய்சல்மேரின் டிசம்பர் விடியற்காலை 8 டிகிரியில் 28 பக்கம் காட்டும். பஞ்சர் என்று பதறாதீர்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அந்த ஊரின் குளிரில் அளந்து வையுங்கள்.

தேரிக்காடு வேறு மாதிரி. அந்தச் சிவப்பு மணல் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல், இரும்புச் சத்தால் சிவந்தது, காய்ந்திருக்கும்போது மாவு போல நழுவும். ராஜஸ்தானைவிட மேடுகள் சிறியவை, ஆனால் பனையும் உடை மரமும் சீமைக் கருவேலமும் நிறைய. முள் சைடுவாலில் ஏறினால் பஞ்சர் கிட் உதவாது. காற்றை இறக்கும்போது சைடுவால் பிதுங்கி முள்ளுக்கு இன்னும் பக்கத்தில் போகும் என்பதால் அங்கே 18-க்குக் கீழே நான் போவதில்லை. குதிரைமொழித் தேரி போன்ற இடங்கள் வனத்துறையின் கையில் இருக்கின்றன, அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள், போட்டிருக்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள். ஒத்திகை பார்க்கலாம் என்று ஈசிஆர் கடற்கரையிலும் வண்டியை இறக்க வேண்டாம். ஜனவரி முதல் ஆமைகள் ஏறி வந்து முட்டையிடும் மணல் அது. ஒரு டயர் ஏறினால் ஒரு குழி முட்டை போய்விடும்.

கடைசியாக ஸ்டெப்னி. ஐந்தாவது டயரும் அதே அளவு, அதே மாடலாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் பழைய அளவில் சுற்றினால் முறுக்கு ஏறி, இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். வி-க்ராஸில் ஸ்டெப்னி பின்பக்கத் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து, டேப் வைத்து அந்த இடத்தை அளந்து பாருங்கள். 777 மி.மீ. டயர் சேஸிஸையும் சைலன்சரையும் தொடாமல் உட்காருமா என்று தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள்.